ஆர்கன் வாத்தியாரின் ஞாயிறுகள்

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். ஏழரை வரை இரண்டு மணி நேரம் எழுத்து. அதைத் 'தனக்காக வேலை செய்யும் நேரம்' என்று சொல்லிக்கொள்வாராம். பிறகு எளிய காலையுணவு. சாப்பிட்டுக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு. இடைப்பட்ட பகல் முழுக்க பாரிஸின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடி ஓடிப் பாடம் எடுப்பது. வோஜிராரில் இருந்த யேசுசபைப் பள்ளியில் பையன்களுக்குப் பியானோ, பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் பாடம், வசதியான வீடுகளில் ட்யூஷன். ஞாயிறானால் சாந்த்-க்ளோதில்ட் தேவாலயத்தில் ஆர்கன். தொளதொள கோட்டும் கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டையுமாக எப்போதும் அரை ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும் மனிதர் என்று அவருடைய மாணவர் வின்சென்ட் தாந்தி எழுதி வைத்திருக்கிறார். ஓடிக்கொண்டிருந்தவர் பெயர் செசார் ஃப்ராங்க். 1822இல் பிறந்து 1890இல் இறந்தவர்.

இந்த அட்டவணையை நான் படித்தது ஒரு ரிலீஸ் வாரத்தில். ராத்திரி ஒரு மணி. டெப்ளாய்மென்ட் முடிய நாற்பது நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது. அதற்குள் ஏதாவது படிக்கலாம் என்று எடுத்த பக்கத்தில் இது இருந்தது. எங்கள் தொழிலில் இந்த ஐந்தரை மணி வேலைக்கு 'சைடு ப்ராஜெக்ட்' என்று பெயர். இலக்கியத்தில் இது ஒன்றும் புதிதில்லை. தபால் துறை, தொலைபேசித் துறை, வங்கி, தாலுகா ஆபீஸ் என்று எங்கோ கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எழுதியவர்கள்தான் தமிழில் அதிகம். நாலு எழுத்தாளர்கள் கூடும் டீக்கடையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்: "வேலை தின்னுடுது சார்."

ஃப்ராங்கின் கதையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கோயில் சம்பளமும் ட்யூஷனும் தின்றுவிட்ட ஒரு மேதை, கடைசிப் பத்தாண்டுகளில்தான் கண்விழித்தார் என்று. எல்லோரும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த மீதிப் பகல் மேல்தான் கண். காரணம், அந்த மீதிப் பகலை மட்டுமே வாழ்ந்த ஒருவரிடம் நான் ஆறு வருடம் படித்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். ஒரு தேவாலயத்தில் ஆர்கனிஸ்ட், ஒரு பள்ளியில் மியூசிக் மாஸ்டர், சாயங்காலம் வீட்டில் கீபோர்டு வகுப்பு. அவர் பெயரை எழுதினால் கோபப்படுவார். 'சார்' போதும். நாங்கள் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் இல்லை. தெருவில் யார் பிள்ளையும் ட்ரினிட்டி தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் எழுத வேண்டும் என்ற நியதிப்படி என் அப்பா கொண்டுபோய்விட்டார்.

சாரின் வீட்டு முன்னறையில் கால் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. இரண்டு மிதிகளையும் மாறி மாறி மிதித்தால் துருத்தி காற்றிழுக்கும். இந்த ஆர்மோனியமும் பாரிஸ் சரக்குதான். 1842இல் அலெக்சாந்தர் தெபென் என்பவர் அங்கே அதற்குக் காப்புரிமை பெற்றார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சின்னக் கோயில்களுக்குத் தோதான பெட்டி. கப்பலேறி எங்கெங்கோ போனது. நம் ஊரில் காலை இழந்து, கைத்துருத்தி வைத்துக்கொண்டு, பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் உட்கார்ந்துவிட்டது. தென்மாவட்டத்துக் கோயில்கள் சிலவற்றில் மட்டும் காலோடு பிழைத்துக் கிடந்தது.

நான் யமஹா கீபோர்டில் பழகினேன். அதில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் விரல் அதே இடத்தில் இருக்க, பாட்டு மட்டும் வேறு சுருதிக்குப் போய்விடும். பொறியாளன் மனசுக்கு அது எவ்வளவு அழகான ஏற்பாடு! சார் அதன் மேல் ப்ளாஸ்திரி ஒட்டிவிட்டார். "பட்டன அமுக்குனா பாட்டு எறங்கும்ல, ஒனக்கு ஒண்ணும் ஏறாது." அவர் வேலை அப்படி. பாடகர் குழுவில் நாலு பேருக்குத் தொண்டை கட்டியிருந்தால் பாமாலையை அரைக்கட்டை இறக்க வேண்டும். காலை ஆறு மணி ஆராதனையில் ஒரு கட்டை இறக்க வேண்டும், தூக்கக் குரல். இறக்கப்போகிறோம் என்று யாரிடமும் சொல்லவும் கூடாது.

பின்னாளில் ஃப்ராங்க் பற்றிப் படித்தபோது இதே இடத்தில் நின்றுவிட்டேன். 1838, பாரிஸ் கன்சர்வேட்டரியில் பியானோ தேர்வு. பதினைந்து வயதுப் பையன். முன்பின் பார்க்காத இசைத்தாளை அங்கேயே பார்த்து வாசிக்க வேண்டும். இவன் எழுதியிருந்த சுருதியை விட்டுவிட்டு மூன்றாம் ஸ்வர அளவு கீழே இறக்கி, தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டான். விதியில் அதற்கு இடமில்லை. போட்டிக்கு வெளியே தனிக் கௌரவமாகப் பெரும்பரிசு கொடுத்தார்கள். 1841இல் ஆர்கன் தேர்வு. ஒரு கருவை வைத்து ஃபியூக், இன்னொரு கருவை வைத்துத் தனியாகக் கற்பனை என்று இரண்டு கேள்விகள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கண்டுகொண்டு இரண்டையும் ஒரே படைப்பில் பின்னி நீட்டிவிட்டான். நடுவர்களுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஆசிரியர் பெனுவா எடுத்துச்சொன்ன பிறகு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்த வித்தையைத்தான் ஐம்பது வருடம் கழித்து அவருடைய பெரிய படைப்புகளில் பார்க்கிறோம். முதல் பகுதியில் வந்த மெட்டும் நடுப்பகுதியின் மெட்டும் முடிவில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்காரும்.

அப்பா வங்கியில் குமாஸ்தா. பையனை லிஸ்ட் போல ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் பியானோ நட்சத்திரமாக்கிக் காசு பார்க்கத் திட்டம். பெல்ஜியத்து லியேஜ் நகரிலிருந்து குடும்பத்தையே பாரிஸுக்குப் பெயர்த்தார். கன்சர்வேட்டரி வெளிநாட்டவரைச் சேர்க்காது என்றதும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். 1842இல், பையன் இசையமைப்புப் பரிசுக்குப் போகவேண்டிய வேளையில், கச்சேரிக்கு நேரமாயிற்று என்று படிப்பை நிறுத்திக் கூட்டிப்போய்விட்டார். கோச்சிங் சென்டர் வாசலில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இந்த அப்பாவைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மகன் 1846இல் வீட்டைவிட்டு வெளியேறினார். மாணவி ஃபெலிசிதேயைக் காதலித்து 1848 பிப்ரவரி 22 அன்று திருமணம். அன்றுதான் பாரிஸில் புரட்சி வெடித்தது. மணமக்கள் தெருத்தடுப்புகளை ஏறிக் குதித்துக் கோயிலுக்குப் போனார்கள். நட்சத்திரக் கனவு அத்தோடு சரி. இனி பாடம் சொல்லிக்கொடுத்தும் கோயிலில் வாசித்தும்தான் குடும்பம் ஓட வேண்டும்.

2018இல் வேலை நிமித்தமாக மூன்று மாதம் பாரிஸில் இருந்தேன். லா தெஃபான்ஸ் பகுதியின் கண்ணாடிக் கோபுரம் ஒன்றில் பகல் முழுக்கச் சிறை. ஒரு ஞாயிறு மெட்ரோ பிடித்து சாந்த்-க்ளோதில்ட் போனேன். இரட்டைக் கோபுரங்கள், எதிரே ஒரு சின்னப் பூங்கா. அங்கே 1904இல் வைத்த ஃப்ராங்கின் சிலை இருக்கிறது. ஆர்கன் முன்னால் சிந்தனையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து இறக்கை விரித்த தேவதை ஒன்று அவர்மேல் குனிகிறது. சிற்பம் நன்றாகத்தான் இருக்கிறது. சொல்கிற விஷயம்தான் எனக்கு ஒப்பவில்லை.

ஏனென்றால் உள்ளே ஆராதனை தொடங்கியதும் எனக்குக் கேட்டது சாரின் வேலை. வாசலுக்கு மேலே, மக்களின் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் ஆர்கன். பீடம் மறுகோடியில். அங்கே குருவானவர் கை கழுவுகிறாரா, நடக்கிறாரா, நின்றுவிட்டாரா என்பதைப் பொறுத்து மேலே இருப்பவர் நீட்ட வேண்டும், சுருக்க வேண்டும், நாலே ஸ்வரத்தில் கௌரவமாக முடிக்க வேண்டும். இதற்காகவே ஆர்கனிஸ்டுகள் கண்ணாடி வைத்துக்கொள்வது உலக வழக்கம். சார் தன் கோயிலில் பஜாஜ் ஸ்கூட்டரின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைக் கிளாம்ப் போட்டு ஆர்மோனியத்தில் மாட்டியிருந்தார். "ஐயர் மொகத்தப் பாக்காத. காலப் பாரு. கால் திரும்புனா முடிச்சுரணும்." காணிக்கைப் பை கடைசி வரிசைக்குப் போகும்வரை பாட்டு ஓட வேண்டும், பண்டிகை நாளில் ஏழு நிமிடம், மழை நாளில் இரண்டு. பாமாலையின் ஐந்து சரணமும் தீர்ந்து, பை இன்னும் பெண்கள் பக்கமே தாண்டவில்லை என்றால் அப்போது சார் வாசிப்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பாமாலையின் கடைசி வரியை எடுத்து உடைப்பார், இடதுகைக்குக் கொடுப்பார், திடீரென்று அதில் ஒரு கீர்த்தனையின் சாயல் எட்டிப்பார்க்கும், ஐயரின் கால் திரும்பும், ஆமென்.

இதைத்தான் ஃப்ராங்க் 1858 முதல் 1890 வரை ஒரே கோயிலில் செய்தார். முதலில் பாடகர் குழுவின் தலைவராக, பிறகு ஆர்கனிஸ்டாக. 1859 டிசம்பரில் அங்கே புது ஆர்கன் திறக்கப்பட்டது. கட்டியவர் அரிஸ்தீத் கவாயே-கோல், அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய ஆர்கன் கைவினைஞர். ஆர்கன் என்றால் கீபோர்டின் பெரியண்ணன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு கட்டடம். கைக்கு மூன்று வரிசைக் கட்டைகள், காலுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு குரலையும் திறந்து மூட இழுகுமிழ்கள், பின்னால் ஆளுயரத்துக்கு மேலேயும் பென்சில் அளவிலும் குழாய்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் துருத்தியை மிதிக்கத் தனியாக ஆட்கள். ஒரு பகுதிக் குழாய்களைப் பெட்டிக்குள் அடைத்து, கால்பெடலால் அந்தப் பெட்டியின் கதவுப் பலகைகளைத் திறந்து மூடுவார்கள். நின்ற ஓசை மெல்ல வீங்கி, மெல்ல அடங்கும். ஆர்கனுக்கு மூச்சு கொடுக்கும் உபாயம் அது. இந்தக் கருவியின் முன் உட்கார்ந்து, அகலமான தன் கைகளால், ஞாயிறுதோறும் அவர் பெரும்பாலும் வாசித்தது எழுதிவைக்காத இசை.

1866இல் லிஸ்ட் அங்கே மாடியேறி வந்து கேட்டார். கீழே இறங்கும்போது பாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார் என்கிறார்கள். மாணவர்கள் ஞாயிறன்று சுழல் படிக்கட்டில் ஏறி வந்து வாத்தியாரைச் சுற்றி நிற்பார்கள். பார்வை மிகக் குறைவாக இருந்த லூயி வியர்ன் பத்து வயதில் அங்கே கேட்டதை ஆயுளுக்கும் மறக்கவில்லை. பின்னாளில் நோத்ர்-தாமின் ஆர்கனிஸ்டாகி, 1937இல் அந்த ஆர்கனில் கச்சேரி செய்துகொண்டிருக்கும்போதே இறந்தவர் அவர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. விடுமுறைகளைக் கழித்தாலும், பண்டிகை, கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தைந்நூறு தடவைக்குக் குறையாது. ஆர்கனுக்காக அவர் எழுதி மிஞ்சிய பெரிய படைப்புகள் என்று எண்ணப்படுபவை பன்னிரண்டு. 1868இல் வெளியான ஆறு, 1878இல் மூன்று, சாகும் வருடத்தில் மூன்று. மீதியெல்லாம் கல்லில் பட்டுக் கரைந்துபோயிற்று. பதிவுக்கருவி இல்லை. அவர் வாசித்த அந்த ஆர்கன்கூட இப்போது அப்படியே இல்லை. அதே கோயிலில் பின்னால் வந்த ஆர்கனிஸ்டுகள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக் கட்டிவிட்டார்கள். அவருடைய விரல் பட்ட பழைய கட்டை வரிசைகள் பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

நான் பதினான்கு வருடமாக எழுதிய நிரலில் இன்று எங்காவது ஓடிக்கொண்டிருப்பது பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஒரு முழு சிஸ்டத்தையே, மூன்று வருட வேலை, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அணைத்தார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கு அன்று துக்கமாக இல்லை என்பதுதான் விநோதம். அதில் வேலைசெய்த நாட்கள் நல்ல நாட்கள்.

ஃப்ராங்கை ஒரு புனிதராக்கி வைத்தவர் தாந்தி. 1906இல் அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வாத்தியார் கோபமே வராத, குறையே சொல்லாத சாதுவாக உலவுகிறார். வாத்தியாரை நேசித்த மாணவர் எழுதியது, அப்படித்தான் இருக்கும். நான் நம்ப மாட்டேன். நாளெல்லாம் தப்புத் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதனுக்குள் ஏதாவது புகைந்துகொண்டுதான் இருக்கும். பியானோ ஐங்கருவிப் படைப்பு ஒன்று எழுதினார். 1880 ஜனவரியில் அரங்கேற்றம். அவ்வளவு தகிப்பான, நாகரிகத்தை மீறிய இசை. பியானோ வாசித்தவர் சான்-சான்ஸ். அந்தப் படைப்பே அவருக்குத்தான் சமர்ப்பணம். முடிந்ததும், தனக்கு அளிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதியைப் பியானோ மேலேயே விட்டுவிட்டு மேடையைவிட்டுப் போய்விட்டார். ஃப்ராங்கின் மனைவிக்கும் அந்தப் படைப்பைப் பிடிக்காது. தேவதை காதில் ஓதி எழுதிய இசை என்றால் வீட்டில் இத்தனை முகச்சுளிப்பு வந்திருக்காது.

1872இல் கன்சர்வேட்டரியில் ஆர்கன் பேராசிரியர் வேலை வந்தது. வந்த பிறகுதான் அவருக்கு முறைப்படி பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை என்ற சிக்கல் தெரிந்து 1873இல் அதைச் சரிசெய்தார்கள். அப்பா போட்ட மனு மகனை மேஜர் ஆகும்வரை மட்டுமே காப்பாற்றியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று வகுப்பு. அதில் பெரும்பகுதி கற்பனை வாசிப்புக்கே போய்விடும். ஆர்கன் வகுப்பு என்று பலகை தொங்கினாலும் உள்ளே நடந்தது இசையமைப்பு வகுப்பு. அந்தப் பாடத்துக்கென்றே நியமிக்கப்பட்ட பேராசிரியர்களுக்கு எரிச்சல். தெபுஸி கொஞ்ச நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். "சுருதி மாறு, சுருதி மாறு" என்று வாத்தியார் அவசரப்படுத்த, "எனக்கு இங்கேயே சௌகரியமாக இருக்கிறதே, எதற்கு மாற வேண்டும்" என்று கேட்டதாகக் கதை. இருவருமே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. காணிக்கைப் பை பாதியில் நிற்கும்போது சுருதி மாறத் தெரியாதவன் ஆர்கனிஸ்டாக முடியாது; தெபுஸிக்கு அந்தக் கவலை இல்லை.

1885இல் அரசாங்கம் செவாலியே விருது கொடுத்தது, ஆர்கன் பேராசிரியர் என்ற வகையில். இசையமைப்பாளர் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வருடங்களில்தான் அந்தக் காலை இரண்டு மணி நேரத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. 1886இல் வயலின் சொனாட்டா, இஸாயி என்ற இளம் வயலின் கலைஞருக்குக் கல்யாணப் பரிசு. அந்த டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஓவியக்கூடம் ஒன்றில் அதை வாசித்தார்கள். ஓவியங்களுக்காக அங்கே விளக்கு ஏற்றக் கூடாது. குளிர்காலப் பொழுது சட்டென்று சாய்ந்துவிட்டது. முதல் பகுதி முடியும்போதே தாள் தெரியவில்லை. மீதியை இருட்டில், மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள். 1889 பிப்ரவரியில் சிம்ஃபனி. ஆங்கிலக் கொம்பு எனும் குழல்வாத்தியத்தைச் சிம்ஃபனியில் சேர்ப்பதா என்று கன்சர்வேட்டரிப் பேராசிரியர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டாராம். 1764இலேயே ஹைடன் தன் 22ஆம் சிம்ஃபனியில் இரண்டைச் சேர்த்திருக்கிறார். விமர்சனம் செய்பவர்களுக்கு ஞாபகம் என்றைக்கும் கொஞ்சம் கம்மி. வீட்டுக்கு வந்தவரை, கூட்டம் ரசித்ததா, கைத்தட்டல் எப்படி என்று குடும்பம் துருவியது. தான் நினைத்தபடியே ஒலித்தது என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனபின் வரும் நிம்மதி அது.

சரி, ஆயிரம் சொன்னாலும் ஃப்ராங்குக்கு இந்தப் பட்டியல் இருக்கிறது. 1872இல், ஐம்பது வயதில், அவர் இறந்திருந்தால்? ஆறு ஆர்கன் படைப்புகளும், 'பானிஸ் ஆஞ்சலிகுஸ்' என்ற ஒரு பாட்டும் எழுதிய கோயில் ஆர்கனிஸ்ட் என்று கலைக்களஞ்சியத்தில் நாலு வரி. அந்தப் பாட்டு எங்கள் ஊர்வரை வந்திருக்கிறது. கத்தோலிக்கக் கல்யாணங்களில் வாசிக்க சாரையும் கூப்பிடுவார்கள். கை மாறிக் கை மாறி மங்கிப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்துப் போவார். அதன் மூலையில்தான் அந்தப் பெயரை நான் முதலில் பார்த்தது.

சாருக்குப் பட்டியல் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்குக் கிளம்பும் முன் ஒருநாள் கேட்டேன்.

"சார், நீங்க சொந்தமா ஒண்ணும் எழுதலியா?"

"எழுதி?"

"இல்ல சார், காணிக்கைக்கு வாசிக்கிறீங்கள்லா, அத எழுதி வச்சா..."

"அது அன்னைக்கு உள்ளதுல. எழுதி வச்சு அடுத்த வாரம் வாசிச்சா அடுத்த வாரம் ஐயர் நடக்குற நடைக்கு அது ஒத்துவருமா?"

தப்பிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். காலையில் அந்த இரண்டு மணி நேரத்தை அவர் வீட்டுச் சூழ்நிலை விட்டுவைக்கவில்லை. அம்மா படுக்கையில், தம்பிகள் படிப்பு, மகள்கள் கல்யாணம். ஐந்தரைக்கு அவரும் எழுந்தார், தண்ணீர் பிடிக்க. ஃப்ராங்கின் வீட்டில் அந்த நேரத்தில் யாரோ அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைகளை அமர்த்தினார்கள். தாந்தியின் புத்தகத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆகவே தோல்விக்கு உயர்ந்த காரணம் கற்பித்துச் சாரை நான் ஞானியாக்கப் போவதில்லை. தாந்தி செய்ததை நானும் செய்வதாக ஆகிவிடும். ஆனால் அந்தப் பையனாக முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட சில ஞாயிறுகளின் இசை, நான் பின்னர் காசு கொடுத்துக் கேட்ட பல கச்சேரிகளைவிடக் குறைந்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். அதற்குச் சாட்சி சொல்ல என்னைத் தவிர சிலர்தான் மிச்சம். எல்லோருக்கும் வயதாகிறது.

கோயிலில் பிறகு நிர்வாகம் மாறியது. இளைஞர்களுக்கு ரிதம் வேண்டும் என்றார்கள். புது கீபோர்டு வந்தது, ஸ்டைல் பட்டன் தட்டினால் தாளம், பேஸ், எல்லாம் தானே ஓடும். அதை இயக்க ஒரு பையன் வந்தான். சாருக்குச் சால்வை போர்த்தி ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஆர்மோனியம் பொருளறைக்குப் போயிற்று. ஸ்கூட்டர் கண்ணாடியை மட்டும் கழற்றி எடுத்து வந்துவிட்டார். இன்றைக்கும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சவரம்.

1890 ஏப்ரலில் ஃப்ராங்கின் நால்வர் கம்பியிசை அரங்கேறி, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அறுபத்தேழு வயது. பொதுமக்களிடமிருந்து கிடைத்த முதல் முழு வெற்றி அதுதான். அந்த வருட நடுவில் அவர் போன குதிரைவண்டி மீது ஆம்னிபஸ் மோதியது. குதிரை இழுக்கிற வண்டிதான், நம் ஊர் ஆம்னிபஸ்ஸின் கொள்ளுத்தாத்தா. அடிபட்ட உடம்போடு பாடம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கோடையில்தான் மூன்று 'கோரால்'களை எழுதி முடித்தார். ஆர்கன் இசையின் உச்சங்களில் அவற்றை வைக்கிறார்கள், நியாயமாகவே. நவம்பர் 8 அன்று நுரையீரல் உறை அழற்சியில் இறந்தார்.

ஆனால் அதே கோடையில் மேசைமேல் இன்னொரு வேலையும் இருந்தது. ஒரு பதிப்பாளர் கேட்டதற்காக ஆர்மோனியத்துக்குக் குட்டிக் குட்டித் துண்டுகள். குழாய் ஆர்கன் இல்லாத சின்னக் கோயில்களின் வாத்தியார்களுக்காக. சில அரைப்பக்கம்கூட வராது. ஒவ்வொரு சுருதிக்கும் ஏழு ஏழாக. ஆறில் வந்த மெட்டுகளை ஏழாவது துண்டு ஒன்றுசேர்க்கும், 1841 தேர்வில் செய்த அதே வித்தை. எல்லாச் சுருதிகளையும் முடிக்கும் முன் போய்விட்டார். ஏறத்தாழ அறுபது துண்டுகள் மிஞ்சின. இறந்தபின் 'லோர்கனிஸ்த்' என்ற பெயரில் வெளிவந்தது. 'ஆர்கன் வாசிப்பவர்', அவ்வளவுதான் தலைப்பு. கோரால்கள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஐம்பது வருட உழைப்புக்குப் பிறகு கைதட்டல் கிடைத்த கோடையில், பெயர் தெரியாத கிராமத்து ஆர்கனிஸ்டின் காணிக்கை நேரத்துக்கு இசை எழுதிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு வரி விஷயமாகப் படவில்லை.

அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஊர் போனபோது அச்சிட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து சாரிடம் கொடுத்தேன். எழுபத்து மூன்று வயது. வீட்டு ஆர்மோனியத்தின் துருத்தித் தோலில் விரிசல். சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டியிருக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முதல் பக்கத்தை ஒரு நிமிடம் சும்மா பார்த்தார். பிறகு மிதிக்க ஆரம்பித்தார்.

மூன்று துண்டு வாசித்தார். மூன்றாவதை மறுபடி வாசித்தார், அரைக்கட்டை இறக்கி.

"இது நம்ம பொட்டிக்குன்னே போட்டிருக்காம்ல. இங்க பாரு, இடது கை ஒரு எடத்துல கூட முட்டல. மிதிச்சுக்கிட்டே வாசிக்கிறவனுக்கு எங்க மூச்சு வாங்கும்னு தெரிஞ்சிருக்கு அவனுக்கு." லிஸ்ட் பாஹ்வைச் சொன்னதைவிட எனக்கு இது பெரிய பாராட்டாகத் தெரிந்தது.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறதாம். காலை ஆறு மணி ஆராதனைக்குக் கீபோர்டு பையன்கள் எழுந்து வருவதில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு சார் பஸ் பிடித்துப் போய் வாசிக்கிறார். இந்த ஞாயிறு காணிக்கைக்கு இதில் ஒன்றை எடுக்கலாம் என்றார்.

"ஒரு நிமிஷந்தான சார் வருது? காணிக்கைக்குப் பத்தாதே."

"பத்தாது," என்றார் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. "மிச்சத்த நாம போட்டுக்கிட வேண்டியதுதான்."